உண்டியல் பணம்

அன்பு மக்ளே,

நாளை சாயங்காலம் இங்கே இஸ்ரேலில் யோம் கிப்பூர், யூதர்களின் பாவமன்னிப்பு நாள், தொடங்குகிறது. அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி கொச்சியில் பிறந்த யூதர். 1950களில் பெற்றோரோடு வந்து, இந்த நெவாதிம் ஊரில் தங்கிவிட்டார். அவருடைய மலையாளமும் நம் நாகர்கோவில் பேச்சும் எப்படியோ ஒத்துப்போகின்றன. இந்தப் பத்து நாளாக ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். "ஏதாவது தப்பு செய்திருந்தால்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. நாத்தனாரிடம், "உன் மருமகளைப் பற்றி நான் இப்படிச் சொன்னேன்" என்று சொல்லியே கேட்டார். ஏன் இந்தப் பாடு என்றேன். கடவுளுக்கு எதிரான பாவத்தை அந்த நாள் நீக்குமாம். இன்னொரு மனிதருக்குச் செய்ததை, அவர் மனம் ஆறும்வரை அந்த நாளும் நீக்காதாம். அவர்களுடைய பழைய சட்ட நூலான மிஷ்னாவில் அப்படி இருக்கிறது.

போன வருஷம் அந்த நாளைப் பார்த்தேன். இருபத்தைந்து மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. தோல் செருப்பு போடுவதில்லை. பெரிய ரோட்டில் கார் இல்லாமல் பிள்ளைகள் சைக்கிள் விட்டார்கள். ஜெபக்கூடத்தில் எல்லோரும் நெஞ்சில் தட்டிக்கொண்டு, "நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம்" என்றார்கள். பின்னால் நின்று கேட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். நீ பத்தாவது படிக்கும்போது உன் உண்டியலில் இருந்த 2,300 ரூபாயை எடுத்தது நான்தான். சீட்டுப் பணம் கட்ட வழியில்லை. நீ தம்பியைச் சந்தேகப்பட்டாய். அவன் அடி வாங்கினான். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். உங்கள் இருவரிடமும் சொல்லவில்லை.

மனந்திரும்புவதை இவர்கள் தெஷுவா என்கிறார்கள். தெஷுவா என்றால் திரும்பி வருவது. மைமோனிடிஸ் என்ற பழைய காலத்து யூதப் பெரியவர் எழுதியதைப் பாட்டி சொன்னார்: பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இனி செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். எடுத்த பணமாக இருந்தால் திருப்பியும் கொடுக்க வேண்டும். அதே சந்தர்ப்பம் மறுபடி வந்து, அப்போதும் செய்யாமல் இருந்தால்தான் அது முழுமையாகுமாம். பாட்டியின் அலமாரியில் பணம் பூட்டாமலே கிடக்கிறது. போன மாதம் உன் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்னிடம் காசு இல்லை. அலமாரிப் பக்கம் போகவில்லை. பாட்டியிடம் கேட்டு வாங்கினேன்.

உன் 2,300 ரூபாயை வீட்டுச் செலவுப் பணத்தோடு சேர்க்காமல் தனியாக அனுப்பியிருக்கிறேன். தம்பிக்கும் தனியாக எழுதிவிட்டேன். அவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

எனக்காக அவசரப்பட்டு மன்னிக்காதே. மன்னிக்காவிட்டால் மூன்று தடவைவரை கேட்க வேண்டும் என்பது இவர்கள் முறை. இது முதல் தடவை.

அம்மா