எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்துகளின் ஒலிகளை இணைத்து வாசிக்கக் கற்பிக்கும் முறையான 'ஃபோனிக்ஸ்' என்னும் சொல் இன்று மழலையர் வகுப்புகளின் விளம்பரப் பலகைகள் வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரில் பல வகுப்பறைகளில் நடப்பது பாட்டோடு சேர்ந்த மனப்பாடமாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

'சி, ஏ, டி' என்று எழுத்துகளின் பெயர்களை எத்தனை முறை அடுக்கிச் சொன்னாலும் 'கேட்' என்ற ஆங்கிலச் சொல் பிறக்காது. அந்தந்த எழுத்துக்குரிய ஒலியை அறிந்து, அவற்றை இடைவெளியின்றி இணைக்கப் பழகிய குழந்தைக்கே அது கைகூடும். இணைப்பதுதான் கடினம், அதற்குத்தான் வகுப்பில் நேரமும் குறைவு. 'ப்' என்று உதட்டளவில் நிறுத்த வேண்டிய ஒலியை ஆசிரியரே 'பஹ்' என்று நீட்டிச் சொல்லிக்கொடுத்தால், குழந்தை 'பஹ்-இ-னஹ்' என்று மூன்று துண்டுகளாகச் சொல்லிவிட்டு, 'பின்' என்ற ஆங்கிலச் சொல் எங்கே என்று தெரியாமல் விழிக்கிறது. 'ப்' என்பதும் 'இ' என்பதும் சேர்ந்தால் 'பி' என்று தமிழ் வகுப்பில் படித்த குழந்தைக்கு இது புதிதே அல்ல. கையில் இருக்கும் இந்தச் சாதகத்தை ஆங்கில வகுப்பில் நாம் ஏனோ தொடுவதே இல்லை.

இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் வாசிப்புச் சோதனையில் 40 சொற்கள் தரப்படுகின்றன. அவற்றுள் 20 பொருளே இல்லாத புனைசொற்கள். கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் குதிரைப் படத்தின் கீழுள்ள 'ஹார்ஸ்' என்ற சொல்லை 'போனி' (குட்டைக் குதிரை) என்று ஊகித்துச் சொல்லும் குழந்தை, படமும் பழக்கமும் துணைக்கு வராத புனைசொல்லின் முன் நின்றுவிடும். ஊகத்தையும் வாசிப்பையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் குழந்தை, வரிசையைக் கலைத்து 'கொ'வை மட்டும் காட்டினால் தயங்குகிறது. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. காதில் முதலில் விழுவதோ 'க்'. இருபுறமும் நிற்கும் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே உயிரொலியைத்தான் குறிக்கின்றன என்பதை நிதானமாக, எழுதியும் அழித்தும் காட்டிப் புரியவைக்க வேண்டும். 'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகியவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதற்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. அந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த குழந்தை தானே சரிசெய்துகொள்ளும். கேட்டிராத குழந்தைக்குத்தான் இடர். எனவே கதை சொல்வதையும் பேசவிடுவதையும் ஒலிப்பயிற்சியின் பெயரால் குறைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அளித்த அறிக்கையும் ஒலியுணர்வு, எழுத்தொலிப் பயிற்சி ஆகியவற்றோடு சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகியவற்றையும் சேர்த்தே வலியுறுத்தியது.

பிள்ளை எத்தனை எழுத்துகளை ஒப்பிக்கிறது என்று கேட்கும் பெற்றோர், பாடநூலில் இல்லாத ஒரு சிறு சொல்லை எழுதிக்காட்டி வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம். பள்ளிகளும் ஒப்பித்தலுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பங்கையாவது இத்தகைய வாசிப்புக்கு மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்