ஊற்றை மூடுவதற்கு முன்

அப்புத்தளை

அன்புள்ள லெட்சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி எங்கள் எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அது போதும். இங்கே அவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது; கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறோம். சின்னவன் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறான். மழைதான் விட்டபாடில்லை, துவைத்த துணி காய்வதே பெரும்பாடு.

சரி, ஊற்று விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் இருக்கும் ஊற்றில் கொங்கிரீட் தொட்டி கட்டி, குழாய் இழுத்து, எல்லா லயத்து வீட்டுக்கும் வாசலிலேயே தண்ணீர் கொடுக்கப்போகிறீர்கள் என்று வாசித்தபோது உன்னை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. விடியுமுன்னே பீலியடியில் குடத்தோடு நின்று, தண்ணீரைக் காம்பராவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிய நம் அம்மாமாருக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. நலன்புரிச் சங்கத்துக்கு நீ செயலாளராக இருக்கும்போது இது நடப்பது எனக்குப் பெருமை. ஆனால், ஊற்றுக் கண்ணையே சுற்றி மூடி, ஒரு சொட்டும் வெளியே போகாமல் எல்லாத் தண்ணீரையும் குழாய்க்குள் விடப்போகிறோம் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்ச காலமாக நான் நன்னீர் நத்தைகளைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்த காலத்தில் நத்தை என்றால் ஒரு படம், நாலு பாகம், அதோடு சரி. இப்போதுதான் நேரம் கிடைத்து ஆழமாகப் போகிறேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிர்குலோப்சிஸ் என்று ஒரு நத்தைச் சாதி, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரைதான் அதன் கூடு. பெரும்பாலானவை ஒரு கொத்தமல்லி விதைக்குள் அடங்கிவிடும். இந்த ஒரே சாதியில் 130க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வட அமெரிக்காவின் நன்னீர் நத்தைகளில் இவ்வளவு இனங்கள் உள்ள சாதி வேறு இல்லை. அவற்றில் ஏராளமானவை வாழ்வது ஊற்றுகளில் மட்டும். அதிலும் பல இனங்களுக்கு உலகத்தில் இருக்கும் இடமே ஒரே ஓர் ஊற்று, அல்லது பக்கத்தில் பக்கத்தில் கசியும் இரண்டு மூன்று ஊற்றுகள்.

முதலில் இதை வாசித்தபோது நம்பவே கஷ்டமாக இருந்தது. ஒரு ஊற்றுக்கு ஓர் உயிரினமா? ஆனால் அந்த நத்தை வாழும் விதத்தைப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது. அது செவுளால் சுவாசிக்கிறது, அதனால் தண்ணீர் வற்றினால் தப்ப வழியில்லை. கூட்டின் வாயை அடைத்துக்கொள்ள ஒரு சின்ன மூடி இருக்கிறது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான் காப்பாற்றும். கல்லின் மேல் படியும் பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்னும். முட்டையை ஒவ்வொன்றாகக் கல்லிலோ செடியிலோ ஒட்டிவைக்கும். அதிலிருந்து வருவது குடம்பி என்கிற, நீந்தித் திரியும் இளம் பருவம் இல்லை, நேராகவே ஊர்ந்து போகும் குட்டி நத்தை. ஆக, பிறந்த இடத்திலிருந்து தூரம் போக அதற்கு வழியே கிடையாது. எப்போதாவது ஒரு பறவையின் காலில் ஒட்டிய சேற்றோடு போனால் உண்டு. அமெரிக்காவின் அந்தப் பக்கம் பெரும்பாலும் பாலைநிலம். ஒரு ஊற்றுக்கும் அடுத்த ஊற்றுக்கும் நடுவே மைல் கணக்கில் வறண்ட மண். இலட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே தனித்தனியாக இருந்து, ஒவ்வொரு ஊற்றிலும் வேறு வேறு இனமாக ஆகிவிட்டன.

வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். கூட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆண் நத்தையின் இனப்பெருக்க உறுப்பில் உள்ள சுரப்பிகளின் அமைப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் இனத்தைச் சொல்வார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வேலை செய்த ரொபர்ட் ஹெர்ஷ்லர் என்ற ஆய்வாளர் ஊற்று ஊற்றாக இந்த நத்தைகளைச் சேர்த்து, 1998இல் ஒரே ஆய்வில் 58 புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார். அத்தனையும் கிரேட் பேசின் என்ற அந்த வறண்ட நிலப்பகுதியில் கிடைத்தவை. அந்த எண்ணிக்கையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை லெட்சுமி. மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை, பண்ணைக்காரர் குழாய் சொருகிய கசிவு, ஆட்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஈரம், இப்படியான இடங்களில்தான் இவ்வளவும் இருந்திருக்கின்றன.

இந்த நத்தைகள் ஊற்றுக் கண்ணுக்குக் கிட்டத்தான் அதிகமாக இருக்கும் என்பது உன் வேலைக்கு முக்கியமான விஷயம். தண்ணீர் நிலத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் சூடும் உப்பும் வருஷம் முழுக்க ஏறக்குறைய மாறாமல் இருக்கும். கீழே போகப் போக வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் மாறிவிடும், நத்தைகளும் குறைந்துகொண்டே போகும். மனிதர்கள் தொட்டி கட்டுவதும் சரியாக அந்தக் கண்ணில்தான். கண்ணை மூடிக் குழாய் போட்டதாலும், மேலே கிணறு தோண்டி நிலத்தடி நீரை இழுத்ததாலும், மாடு மிதித்ததாலும் பல ஊற்றுகளில் அவை இல்லாமல் போயின. சில இனங்கள் முற்றாகவே அழிந்துவிட்டன.

ஐடஹோ மாநிலத்தில் புருனோ என்ற ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே ஓர் இனம் 35 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருக்கும் தண்ணீரில் கூட வாழ்கிறது. பக்கத்துப் பயிர்களுக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, வெந்நீர் ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கின. 1993இல் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சட்டத்தில் சேர்த்தார்கள். பம்பு எங்கோ இருக்கிறது, ஊற்று வேறெங்கோ நிற்கிறது. இதைப் பண்டாரவளைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உமா ஓயா நீர்த் திட்டத்துக்காக மலைக்குள் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தபோது மேலே எத்தனை கிணறும் ஊற்றும் வற்றின, எத்தனை வீடு வெடித்தது, 2017இல் சனம் எப்படித் தெருவில் இறங்கியது என்பதெல்லாம் உனக்கும் தெரியும். நிலத்துக்குள்ளே தண்ணீர் எங்கே எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மேலே நிற்கும் நமக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். நெவாடாவில் ஆஷ் மெடோஸ் என்று ஓர் இடம். பாலைவனத்துக்கு நடுவே ஊற்றுகள் கூட்டமாக இருக்கும் பூமி. வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட செடிகளும் உயிர்களும் அங்கே உண்டு, அவற்றில் பல இந்தக் குட்டி நத்தைகள். அங்கே பெரிய பண்ணை வந்து தண்ணீரை இறைத்தபோது, பக்கத்தில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக் குகைக் குளத்தில் நீர் மட்டம் இறங்கி, அதில் மட்டும் வாழும் ஒரு சிறு மீன் சாகும் நிலைக்கு வந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976இல் மீன் பக்கமே தீர்ப்பு வந்தது. இறைப்பதற்கு எல்லை வைத்தார்கள். பிறகு அந்த நிலத்தில் ஒரு நகரமே கட்டத் திட்டம் போட்டார்கள். கடைசியில் 1984இல் அது வனவிலங்குப் புகலிடம் ஆனது. பண்ணைக்காலத்தில் நேராக வெட்டிய வாய்க்கால்களை மாற்றி, ஊற்றுத் தண்ணீர் பழையபடி வளைந்து ஓட வழிசெய்திருக்கிறார்கள். அரிசோனாவிலும் ஒரு மீன் வளர்ப்பு நிலையம் ஊற்று நீரில்தான் நடக்கிறது. அந்த ஊற்றுகளிலேயே ஒரு நத்தை இனமும் வாழ்கிறது. நிலையத்தை நடத்தும் திணைக்களமே நத்தையைக் காக்கவும் உடன்பட்டு வேலை செய்கிறது. மனிதர் தண்ணீர் எடுக்கும் இடத்தில் மற்ற உயிரும் இருக்கலாம், திட்டம் போடும்போதே அதை யோசிக்கவேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க நத்தைக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். பிர்குலோப்சிஸ் இங்கே இல்லை. ஆனால் நம் ஓடைகளில் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் கறுப்பு நத்தைகள் இருக்கின்றனவே, பலுடோமஸ் என்ற சாதி, அவற்றில் பல இனங்கள் இலங்கையை விட்டால் வேறெங்கும் கிடையாது. ஓடை நண்டை எடுத்துக்கொள். இந்தச் சின்னத் தீவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நன்னீர் நண்டு இனங்கள் உண்டு, ஏறக்குறைய எல்லாமே நமக்கே உரியவை. நத்தைக்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கும். கடல் நண்டு போல இவை நீந்தும் குடம்பியை விடுவதில்லை. தாய் முட்டைகளை வயிற்று மடிப்புக்குள் வைத்துக் காத்து, குட்டி நண்டாகவே வெளியே விடுகிறது. அதனால் இந்தப் பள்ளத்தாக்கு நண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போவதில்லை. மலைக்கு மலை வேறு வேறு இனம். மழைக்காலத்தில் ஊற்றடி ஈரத்தில் பொந்து வைத்திருக்கும் சிவப்பு நண்டுகளை நாம் குச்சி விட்டுக் கிளறிப் பிடித்தோமே, அவையும் இப்படித்தான் ஓர் இடத்தோடு கட்டுண்டவை.

காடு முழுக்கத் தேயிலையாகி நூற்றைம்பது வருஷம் ஆகிறது. காடு மிஞ்சியிருப்பது மலை உச்சியிலும் ஓடை ஓரத்திலும் ஊற்றைச் சுற்றியுள்ள அந்தத் துண்டு நிலத்திலும்தான். பழைய ஆட்கள் ஊற்றடி மரத்தில் கை வைக்க விடமாட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்க நாம் போன இடமும் அப்படிப்பட்ட ஒரு நிழல்தானே. அந்த மரியாதை இந்த வேலையிலும் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தொட்டியை ஊற்றுக் கண்ணின் மேலேயே கட்டாமல், கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டச் சொல். கண்ணிலிருந்து சில அடி தூரத்துக்குத் தண்ணீர் கல்லும் பாசியுமாகத் திறந்தபடி ஓடட்டும். சுத்தம் பற்றிப் பயமாக இருந்தால் கண்ணின் ஒரு பக்கத்தை மட்டும் மூடிக் குடிக்கிற தண்ணீரை எடுங்கள், மற்றப் பக்கத்தை விட்டுவிடுங்கள். தொட்டி நிரம்பினால் வழியும் தண்ணீர் பழைய ஓடையிலேயே விழவேண்டும், தார் ரோட்டு வாய்க்காலில் இல்லை. வறட்சி மாதங்களில் கூட ஒரு சின்ன ஓட்டமாவது அந்த வழியில் போகும்படி குழாயின் அளவை வையுங்கள். குளோரின் போடுவது தொட்டிக்குள் மட்டும் போதும், ஊற்றுக்குள் கொட்டவேண்டாம். முக்கியமாக, மருந்து டாங்கி கழுவுவது அங்கே கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவிடு. களைகொல்லி தண்ணீரில் கலந்தால் அது நத்தைக்கு மட்டும் கெடுதல் இல்லை, குழாயில் வந்து உன் பேத்திக்கும்தான். மாடு இறங்காமல் ஒரு வேலி. மேலே இருக்கிற மரங்களை விறகுக்கு வெட்ட விடாதே; அங்கே புதிதாக யூகலிப்டஸ் நட யாராவது வந்தால் சண்டை போடு.

பொறியியலாளர் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். நீ அவரிடம் நத்தையை வைத்துத் தொடங்காதே. கண்ணைத் தோண்டி அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடிப் போய்விடும் ஆபத்து உண்டு, அது அவருக்கே தெரியும். அதிலிருந்து தொடங்கு. நத்தையும் நண்டும் இரண்டாவதாக வரட்டும், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதே. ஊர் ஆட்களிடம் நேராகவே சொல்லலாம். நம் சனத்துக்குத் தண்ணீரின் அருமையை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொன்று. மேசன் பாஸ் மண்வெட்டியை வைப்பதற்கு முன் நீயும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும் ஒரு காலை அங்கே போய் உட்காருங்கள். கல்லை மெதுவாகத் திருப்பிப் பார்த்து, பார்த்த பிறகு அதே பக்கம் திருப்பி வையுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் எடுத்து அசையாமல் வைத்திருந்தால், ஊர்வது எதுவாக இருந்தாலும் தெரியும். படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பு. என் கைவில்லையைச் சின்னவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் ஹட்டனுக்கு ஒரு வேலையாக வருகிறான், அங்கிருந்து பொகவந்தலாவைக்குப் பஸ் பிடித்து உன்னிடமே கொண்டுவந்து தருவான். பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார், பெரியவர்களை விட அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

வேலை எந்தக் கிழமை தொடங்குகிறது என்று உடனே சொல். கடிதத்துக்குக் காத்திருக்காதே, மேசன் பாஸிடம் பேசியதும் போன் எடு. பொறியியலாளர் நேரில் பேசச் சொன்னால் நானே வருகிறேன்.

அன்புடன்,
ராஜேஸ்வரி