60 புள்ளி சரி, எத்தனை ஷாட்டில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர்களை ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று பார்த்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். அந்தப் புள்ளிகளை எடுக்க எத்தனை வாய்ப்பு செலவானது என்று தெரியாமல் யார் மேல், யார் கீழ் என்று எப்படிச் சொல்வது?

என்பிஏ நட்சத்திரம் கோபி பிரையன்ட் 2006 ஜனவரியில் டொராண்டோ அணிக்கு எதிராக 81 புள்ளி எடுத்தார்: 46 ஷாட் (விழுந்ததும் தவறியதும் சேர்த்து), 20 ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்). 2016இல் விடைபெற்ற ஆட்டத்தில் 60 புள்ளி: 50 ஷாட், 12 ஃப்ரீ த்ரோ. ஃப்ரீ த்ரோக்களை 0.44ஆல் பெருக்கி, ஷாட்டுகளோடு கூட்டி, வந்ததை இரண்டு மடங்காக்கிப் புள்ளிகளை அதனால் வகுத்தால் முதல் ஆட்டத்துக்கு 74 சதவீதம் வரும், கடைசி ஆட்டத்துக்கு 54தான். (விடைபெறும் நாளில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்!) 'ட்ரூ ஷூட்டிங்' என்பது இந்தக் கணக்குதான்.

அதென்ன 0.44? பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து ஒரு வாய்ப்பைத் தீர்க்கும். அப்படிப் பார்த்தால் பாதி. ஆனால் ஃபவுலையும் மீறிக் கூடை விழுந்த பிறகு கிடைக்கும் கூடுதல் த்ரோவுக்கும், டெக்னிகல் ஃபவுல் (ஒழுங்கு மீறல் போன்றவை) த்ரோவுக்கும் தனி வாய்ப்பு செலவாவதில்லை. அதனால் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. இது என்பிஏ ஆட்டங்களின் சராசரி என்பதால், பள்ளிப் போட்டிகளுக்கு அப்படியே போட்டால் சற்று முன்பின் ஆகும்.

வெறும் ஷூட்டிங் சதவீதமும் ஏமாற்றும். பத்து ஷாட்டில் நான்கு மூன்று-புள்ளி போட்டவருக்கு 40 சதவீதம், ஐந்து இரண்டு-புள்ளி போட்டவருக்கு 50. ஆனால் முதலாமவர் 12 புள்ளி, அடுத்தவர் 10. பிளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருந்தபோது அவரது அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்) ஒரே ஆட்டத்தில் பார்த்துப் பயனில்லை; கூட நின்ற நால்வரின் ஆட்டமும் அதில் கலந்திருக்கும்.

இங்கே பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில் நடக்கும் போட்டிகளுக்கும் இப்படிக் கணக்குப் போடலாமே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், சர்வதேச விதிப்படியான ஸ்கோர் ஷீட்டில் விழுந்த கூடைகள்தான் ஏறும், தவறிய ஷாட்டுகள் ஏறாது. அவற்றைக் குறிக்கத் தனியாக ஓர் ஆள் உட்கார வேண்டும். ஷாட் போடும்போது ஃபவுல் வாங்கிப் பந்தும் விழாவிட்டால் அதை ஷாட் கணக்கில் சேர்க்கக் கூடாது, விழுந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். புதிதாகக் குறிப்பெடுப்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்.

இனி பட்டியல் போடும்போது புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஷாட், ஃப்ரீ த்ரோ, ஆடிய நிமிடம் என்று மூன்று பத்திகளைச் சேர்த்துவிடுங்கள். மிச்சத்தை நாங்களே வகுத்துக்கொள்வோம்.

கூடைப்பந்து வாசகர்,
அல்சூர், பெங்களூரு