ஒரு தோடம்பழமாவது சாப்பிடு

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில போட்ட படம் பாத்தம். அம்மா அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்துட்டு, கழுத்தெலும்பு தெரியுது எண்டு சொல்லிப்போட்டு குசினிக்குள்ள போயிட்டா. நான் ஒண்டும் கேக்கேல்லை.

இங்க ரியூசனில ஒரு பெடியன், சேர் மனிசனும் சிம்பன்சியும் 99 வீதம் ஒண்டாமே, அப்ப கோணேசர் கோயிலடியில வாழைப்பழம் பறிக்கிற குரங்கும் எங்கட சொந்தமோ எண்டான். சொந்தம்தான், ஆனா கொஞ்சம் தூரத்துச் சொந்தம் எண்டன். 2005ல சிம்பன்சியின்ர டிஎன்ஏயை வாசிச்சு மனிசன்ர டிஎன்ஏயோட வச்சுப் பாத்தவை, ரெண்டும் பொருந்திற இடங்களில எழுத்து மாறினது 1.2 வீதம்தான், ஆனா மொத்தம் 300 கோடி எழுத்தெல்லோ, அதில அது மூண்டரைக் கோடி வருது, விடுபட்டது கூடச் சேந்தது எல்லாத்தையும் எண்ணினா வித்தியாசம் இன்னும் கூடும், சும்மா 99 எண்டு அடிச்சுவிடேலாது. நீ நிண்டிருந்தா வடிவா விளங்கப்படுத்தியிருப்பாய். லாப்பில நீ நிக்கிற பழைய படத்தை அவங்களுக்குக் காட்டினனான், என்ர மோள் எண்டு. ஊர் உலகத்தின்ர ஜீனெல்லாம் பாக்கிற பிள்ளைக்கு வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கத்தான் நேரமில்லை.

சரி அதை விடு. கோட்டைக்குள்ள திரியிற மான் இப்ப டவுனுக்குள்ளயும் வந்து குப்பையில மேயுது, ஆனா விற்றமின் சிக்காக அது பழம் தேடத் தேவையில்லை, அதின்ர ஈரலே செய்து குடுக்கும். ஆடு மாடு நாய்க்கும் அப்பிடித்தான். அதைச் செய்யிற ஜீன் எங்களிட்டையும் கிடக்கு, ஆனா பழுதாப்போய்க் கிடக்கு, குரங்குக்கும் சிம்பன்சிக்கும் அதே கதைதான். பழம் திண்டு திரிஞ்ச எங்கட மூதாதைக்கு அந்த நட்டம் தெரியேல்லைப் போல. நாங்கள் சாப்பிட்டால்தான் உண்டு. இதெல்லாம் நீ படிச்சனீதானே, படிச்சுப்போட்டு பாணும் தேத்தண்ணியுமா நாளை ஓட்டினா உடம்பு என்னத்துக்காகும்? ஒரு தோடம்பழமாவது சாப்பிடு. கொய்யா கிடைச்சா இன்னும் நல்லம், தோடம்பழத்தைவிட அதில விற்றமின் சி கூட.

சின்ன மாமா வீட்டுக்கு ஓடு போட்டாச்சு. வேற புதினமில்லை.

அவரைப் பற்றிக் கேக்கச் சொல்லி அம்மா நெடுகச் சொல்லுறா. நான் கேக்க மாட்டன். நீ சாப்பிடு, நேரத்துக்குப் படு. பழம் வாங்கக் காசு காணாட்டிச் சொல்லு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போயிடுவா. ஆறு மணிக்குப் பிறகு நான் தனியத்தான் இருப்பன், லண்டனில அப்ப மத்தியானமா இருக்கும்.

அப்பா