சீசிங் வண்டி எடுக்கப் போகிறாயா?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே, இனி உன் பாடு திண்டாட்டம்தான்.

ஏலத்தில் பெட்ரோல் ஸ்விஃப்ட் எடுக்கும் யோசனை சரி. ஆனால் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார். தவணை கட்டாததால் பேங்க் தூக்கி வந்த வண்டிக்கு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போடப் பழைய ஓனர் வருவாரா? அதனால் பேங்கே படிவம் 36 கொடுத்து ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) தன் பெயருக்கு மாற்றி, பிறகு உனக்குத் தர வேண்டும். அதை யார் செய்வார்கள், எத்தனை நாளில் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள். படிவம் 32 போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. அது அரசு நடத்தும் ஏலத்துக்கு உரியது. நீ கேட்டதே உச்ச விலையானாலும் பேங்க் அப்ரூவல் வராவிட்டால் வண்டி உனக்கில்லை.

வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டில் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஸ்டார்ட் செய்து காட்டினாலே பெரிது. சென்னை வண்டியென்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்பதே முதல் கேள்வி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு; அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பாலிஷ் போடுகிறவன் அதுவரை போகமாட்டான். சீட்டுக்கு அடியில் அது முன்பின் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, ஸ்டெப்னிக் குழியில் மண், ஒயர் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு எல்லாம் அதே கதைதான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேறு இருந்தால் இன்ஜின் தண்ணீர் குடித்திருக்கலாம். ஓடும்போது குடித்திருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். ஆயில் மூடிக்கு உள்புறம் பால் காபி நிறமா? ஆயிலில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்க வாய்ப்புண்டு.

மாதக்கணக்கில் நின்றதற்குப் பேட்டரி செத்திருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள DOT குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரத்து டயர்; பட்டன் (தரையைத் தொடும் மேடு) தேயாவிட்டாலும் பழசு என்பதால் நான்கையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே விலை கேள். சாவி ஒன்றுதான் தருவார்கள், இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் சிப்) உள்ள மாற்றுச் சாவி மலிவில்லை.

இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் ஓட்டிக்கொண்டு வராதே, டோ வண்டி பிடி. டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை மெக்கானிக்கிடம் சொல்லி இறக்கிவிடு.

பார்க்கப் போகும் தேதியை எழுது.

அன்புடன்,
செல்வம்