இயற்கை முறை வகுப்பு எடுக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள ஜெனிக்கு,

திருமணத் தயாரிப்பு வகுப்பில் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி நீயும் மாப்பிள்ளையும் பேச ஒத்துக்கொண்டதில் எங்களுக்குச் சந்தோஷம். நீ அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தோம். முக்கால்வாசி திருச்சபைப் போதனை, முறையைப் பற்றிக் கடைசியில் இரண்டே ஸ்லைடு. அதைத் தலைகீழாக மாற்று. போதனைக்கு ஃபாதரின் வகுப்பு தனியாக இருக்கிறது. நீ ஐந்து நிமிஷம் பேசினால் போதும். 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஹுமானே வீத்தே என்ற சுற்றுமடல், தாம்பத்திய உறவில் அன்பின் ஒன்றிப்பையும் உயிருக்குத் திறந்திருப்பதையும் மனிதர் வலிந்து பிரிக்கக் கூடாது என்கிறது. தக்க காரணம் இருந்தால் கரு தங்காத நாட்களைப் பார்த்துக் குழந்தைப் பேற்றைத் தள்ளிவைக்கலாம் என்பதும் அதே சுற்றுமடலில்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர், பிறப்பதையெல்லாம் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது திருச்சபை என்று நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதை முதலிலேயே தெளிவாக்கிவிடு.

அடுத்து காலண்டர் கணக்கு. 'சேஃப் பீரியட்' என்றதும் எல்லார் மனதிலும் வருவது அதுதான். போன மாதங்களை வைத்து இந்த மாதத்தை ஊகிக்கிற கணக்கு அது. கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிலக்கு வரை உள்ள நாட்கள் ஏறக்குறைய இரண்டு வாரம், அதிகம் மாறாது. அதற்கு முந்தைய பகுதிதான் காய்ச்சல், பயணம், மன உளைச்சல் என்று எதற்கும் இழுத்துக்கொண்டு போகும். பெங்களூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். செல்போன் ஆப்பில் தேதியை மட்டும் போட்டால் அதுவும் இதே ஊகம்தான்.

நீ சொல்லித்தரப்போகும் பில்லிங்ஸ் முறையில் தேதி எண்ண வேண்டாம், கருப்பை வாயிலிருந்து வரும் கசிவை வைத்து அன்றன்றைக்கு உடம்பு காட்டுவதைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது உலர்வாக இருக்கிறதா, ஈரமாக, வழுக்கலாக இருக்கிறதா என்ற உணர்வு ஒன்று. கழிப்பறைக்குப் போகும்போது கண்ணில் படும் கசிவு இன்னொன்று. விரல் விட்டுச் சோதிக்கக் கூடாது, அங்கே எப்போதும் ஈரம் இருப்பதால் குழப்பம்தான் மிஞ்சும். இரவில் ஒரே தடவை, அன்று தெரிந்ததில் கருத்தரிக்க அதிகம் சாதகமான அடையாளத்தை எழுதினால் போதும்.

ஒரு சார்ட்டைப் பலகையில் நிரப்பிக் காட்டு. 1-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள் வரை மாதவிலக்கு. 6 முதல் 9 வரை உலர்ந்த நாட்கள். 10-இல் பிசுபிசுப்பு தொடங்குகிறது. 13, 14-இல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுத்தால் நீளும் கசிவு. 15-இல் கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஆனால் வழுக்கல் உணர்வு இருக்கிறது. 16-இல் அதுவும் போய்விட்டது. இதில் உச்ச நாள் எது என்று கேள், முக்கால்வாசிப் பேர் 14 என்பார்கள். 15 தான். வழுக்கல் உணர்வு கடைசியாக இருந்த நாள்தான் உச்ச நாள், அது 16-இல்தான் தெரியவரும். உச்ச நாளுக்குப் பிறகு 16, 17, 18 என்று மூன்று நாள் காத்திருந்து, 19 முதல் அடுத்த மாதவிலக்கு வரை கருத்தரிக்காத நாட்கள். உச்சத்துக்குப் பின் இரண்டு நாள் வரைகூட முட்டை வெளியாகலாம், வெளியானபின் ஒரு நாள் வரை உயிரோடிருக்கும். மூன்று நாள் காத்திருப்பது அதனால்தான். ஒரு நாள் முன்னால் குறித்தவர்களுக்குக் கணக்குப் பிசகுவது இங்கேதான்.

குழந்தையைத் தள்ளிவைப்பவர்கள் உச்சத்துக்கு முந்தைய உலர்ந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேரலாம், அதுவும் இரவில் மட்டும். பகல் முழுக்க நடமாடினால்தான் கசிவு தெரியும். அடுத்த நாள் விந்தின் ஈரம் அடையாளத்தை மறைக்கும், அதனால் அன்றைக்கு விடுப்பு. மாதவிலக்கின் அதிகப் போக்கு நாட்களும் விலக்குதான், குறுகிய மாதவிலக்குச் சுழற்சியில் அதற்குள்ளேயே கசிவு தொடங்கியிருக்கலாம். கசிவு வந்து, உச்சத்தை எட்டாமலே நின்றுபோனால் மூன்று உலர்ந்த நாள் விட்டு நான்காம் இரவு.

எங்கள் அபிப்பிராயத்தில் இந்த முறைக்குப் பெரிய எதிரி தாமதம். மூன்று சுழற்சியாவது எழுதிப் பழக வேண்டும். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியபின் வகுப்புக்கு வந்தால் எங்கே நேரம்? நிச்சயதார்த்தம் முடிந்ததுமே அனுப்பச் சொல்லி ஃபாதரிடம் பேசு.

தள்ளிப்போடுவதை மட்டும் சொல்லாதே. நம் வீடுகளில் மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வழுக்கல் நாட்கள்தான் கருத்தரிக்க ஏற்றவை என்பதும் அதே சார்ட்டிலிருந்துதான் தெரியும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கசிவு வந்து வந்து நின்றுபோகும். அவர்களைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடு, மருத்துவரிடமும் அனுப்பு. அரிப்பு, நாற்றம், பச்சை மஞ்சள் நிறம் இருந்தால் அது நோய், சார்ட்டில் தேட வேண்டாம்.

எண்ணிக்கை கேட்பார்கள். இந்த முறையைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் நடத்திய ஆய்வில் பெங்களூரும் ஒன்று. விதியைச் சரியாகப் பின்பற்றியும் கருத்தரித்தது ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 3. எல்லாரையும் சேர்த்தால் 20-க்கு மேல். அதில் பெரும்பாலோர் நாள் தெரிந்தும் காத்திராதவர்கள். இரண்டு எண்ணையும் சொல்லிவிடு. மறைத்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு நர்ஸ் சொல்லிவிடுவாள், அதற்கப்புறம் உன் பேச்சு எடுபடாது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பற்றிக் கேட்டால், கருவுற்ற உயிர் ஒட்டிவளராமல் அது தடுக்கவும் கூடும் என்பதால் திருச்சபை அதை ஏற்பதில்லை என்று சொல். புற்றுநோய் வரும் என்றெல்லாம் பயமுறுத்தாதே, அது பொய். இரண்டாவது பிரசவம் சிசேரியனானால் கருத்தடைக்குக் கையெழுத்து கேட்பது ஆஸ்பத்திரி வழக்கம். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, இருவரும் முன்பே பேசிவைக்கச் சொல்.

தாய்ப்பால் பற்றி ஒரு வரி: தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு திரும்பவில்லை, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் மறுபடி கருத்தரிக்காமல் இருக்க அது பாதுகாப்பு.

விதிகளை மாப்பிள்ளையே விளக்கட்டும். இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள், ஒரு ஆண் பேசினால் நிமிர்ந்து உட்காருவார்கள். இரவில் சார்ட்டை நிரப்புவது கணவன் வேலை என்று சொல்லச் சொல். மனைவி மட்டும் எழுதி, மனைவி மட்டும் 'வேண்டாம்' சொல்லுகிற வீட்டில் இரண்டு மாதத்தில் சார்ட் பரணுக்குப் போய்விடும். கேள்விகளைப் பெயரில்லாமல் துண்டுச்சீட்டில் வாங்குங்கள். கடைசிக் கால்மணி நேரம் பெண்களோடு நீ, ஆண்களோடு அவர்.

வரிசைக்கு 35 கட்டம் வைத்து, ஒரு தாளில் மூன்று வரிசையாக அச்சடித்துக் கொடு. சிவப்பு மாதவிலக்குக்கு, பச்சை உலர்ந்த நாளுக்கு, கசிவு நாளை வெள்ளையாக விட்டுவிடலாம். இரண்டு வாரம் கழித்து நீயே போன் போட்டு சார்ட்டைக் கேள், அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். ஸ்லைடைத் திருத்தியதும் அனுப்பு, அப்பா உச்ச நாள் கணக்கைச் சரிபார்க்கிறேன் என்கிறார்.

அன்புடன்
அம்மா, அப்பா