எபிரெயம் தெரிந்தால்தான் கேள்வி கேட்கலாமா? குருசேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், குருசேகரக் கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அமலேக்கியரைக் குழந்தைகள் உட்பட அழிக்கும்படி சவுல் ராஜாவுக்குக் கடவுள் கட்டளையிடுகிற 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தைப் புதன்கிழமை வேதபாட வகுப்பில் வாசித்த அன்று என்ன நடந்தது, அதற்கடுத்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் என்ன ஒட்டப்பட்டது என்பதெல்லாம் சபையை நிர்வகிக்கிற தாங்கள் அறிந்ததே. வேதத்தின் மூல மொழிகளை அறியாதவர்கள் வேதத்தை நியாயந்தீர்க்கும் விதமான கேள்விகளை வகுப்பில் எழுப்ப வேண்டாம் என்கிறது அந்த அறிவிப்பு. அதை எடுத்துவிடுங்கள், வகுப்பின் கடைசியில் இருந்த கேள்வி நேரத்தைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அன்று கேட்கப்பட்ட கேள்வி மிகச் சின்னது. "பால் குடிக்கிற பிள்ளை என்ன பாவம் செஞ்சுது ஐயா?" அதற்கு வகுப்பு நடத்தியவரிடமிருந்து வந்த பதில், "உங்களுக்கு எபிரெயம் தெரியுமா அக்கா?" என்பது. பிறகு கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டிக் காட்டியதோடு வகுப்பு முடிந்தது.

எபிரெயத்தின் பேரால் கேள்வி நிறுத்தப்பட்டதால், அந்த வசனத்தை எபிரெயத்திலேயே பார்த்துவிடுவோம். 1 சாமுவேல் 15:3-இல், அமலேக்கை முறியடி என்பதற்கு அடுத்து வருவது 'ஹேரெம்' என்ற சொல்லின் வேரிலிருந்து வரும் வினை. ஒன்றைக் கடவுளுக்கென்று முழுமையாக ஒதுக்கி, மனிதப் பயன்பாட்டிலிருந்து நீக்கி அழித்துவிடுவது அதன் பொருள். வகுப்பு நடத்தியவர் கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டி, அதற்கு 'அர்ப்பணித்தல்' என்றும் பொருள் உண்டு, எனவே கொலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஆனால் அதே வசனத்தில் அடுத்தபடியாக 'சாகடி' என்ற சாதாரண எபிரெய வினை நிற்கிறது. அதற்கு அர்ப்பணம் என்ற பொருள் எந்த அகராதியிலும் கிடையாது. அதற்கடுத்து வருகிற பட்டியல் ஆண் முதல் பெண் வரை, சிறுபிள்ளை முதல் 'யோனேக்' வரை என்று போகிறது. யோனேக் என்றால் முலைப்பால் உண்கிற சிசு. ஆலயத்தில் நாம் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதல் 'குழந்தைகளையும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டது. எபிரெயம் அதைவிடக் குறிப்பாகச் சொல்கிறது. அந்த அக்கா தமிழில் வாசித்துக் கேட்ட கேள்வி, எபிரெயத்தில் வாசித்தால் இன்னும் கூர்மையாகிறதே தவிர மழுங்கவில்லை. மூல மொழி தெரிந்த ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால், அவர் அந்தக் கேள்வியின் பக்கம்தான் நின்றிருப்பார்.

கைபேசியில் ஸ்ட்ராங்ஸ் எண்ணைத் தட்டிப் பார்ப்பதற்கும் எபிரெயம் அறிவதற்கும் வெகு தூரம். ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ் 1890-இல் வந்த, மூல மொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்த வேதாகமச் சொல்லடைவு. ஒரு சொல் எங்கெங்கே வருகிறது, ஆங்கிலத்தில் அதை எப்படியெல்லாம் பெயர்த்தார்கள் என்பதை அது காட்டும். இந்த வசனத்தில், இந்த வாக்கியத்தில், இந்த வினைவடிவத்தில் அதன் பொருள் என்ன என்பதை அது சொல்லாது. பட்டியலில் உள்ள ஐந்தாறு பொருள்களில் நமக்குப் பிடித்ததை எடுத்து வசனத்தில் பொருத்துவதுதான் பிரசங்கங்களில் அடிக்கடி நடக்கிற பிழை. எபிரெயத்தில் எழுத்துகள் 22, அத்தனையும் மெய். உயிர்க்குறிகளைப் பல நூற்றாண்டு கழித்து மசோரெத் எனப்படும் யூத அறிஞர்கள் சேர்த்தார்கள். வினைவடிவம் மாறினால் பொருள் மாறும். தானியேலின் நடுப்பகுதியும் எஸ்றாவின் சில பகுதிகளும் எபிரெயமே அல்ல, அரமேயம். புதிய ஏற்பாடு கிரேக்கம். ஆக, அறிவிப்பின் சொற்படி பார்த்தால் மூன்று மொழி வேண்டும். நம் சபையில் அந்த மூன்றும் அறிந்தவர் எத்தனை பேர் என்பது கமிட்டிக்குத் தெரியும். அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவர்களுக்கும் இதே நிபந்தனை பொருந்துமா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்று நம்புகிறோம்.

மூல மொழியே தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

2 நாளாகமம் 21:20-இல் யோராம் 32 வயதில் ராஜாவாகி 8 வருஷம் ஆண்டு இறக்கிறான். அதாவது 40 வயதில் சாவு. அடுத்த அதிகாரம் 22:2-இல் அவன் மகன் அகசியா உடனே ராஜாவாகிறான், வயது 42. மகன் தகப்பனைவிட இரண்டு வயது மூத்தவன் ஆகிவிடுகிறான். இதே அகசியாவுக்கு 2 இராஜாக்கள் 8:26-இல் 22 வயது. இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும், கூட்டல் தெரிய வேண்டும். அவ்வளவே. இதற்குப் பதில் சொல்லத்தான் மொழியறிவு வேண்டும். எபிரெயப் பிரதியிலும் 42 என்றே இருக்கிறது, பழைய சீரியாக் மொழிபெயர்ப்பில் 22 என்று இருக்கிறது, எனவே படியெடுத்தவர் கையில் எண் மாறியிருக்கலாம் என்று விளக்குகிறவருக்குப் பழைய மொழிகள் தெரிந்திருக்க வேண்டும். மூல மொழி என்கிற சுமை பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறவர் தோளுக்கு உரியது. கமிட்டி அதைத் தூக்கி, கேட்கிறவர் தலையில் வைத்திருக்கிறது.

இன்னொன்று. எபிரெயர் 10:5 சங்கீதம் 40-ஐ எடுத்துச் சொல்கிறது: "ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்." அதே வேதாகமத்தில் சங்கீதம் 40:6-ஐத் திருப்பினால் "என் செவிகளைத் திறந்தீர்" என்றிருக்கிறது. சரீரம் எங்கே, செவி எங்கே என்று தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கும் கண்ணில் படும். காரணம் நேரானது: எபிரெயருக்கு நிருபம் எழுதியவர் செப்துவசிந்தா என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். அதாவது, புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றை எழுதியவரே பழைய ஏற்பாட்டை மொழிபெயர்ப்பில் வாசித்து, அதன் மேல் தம் வாதத்தைக் கட்டியிருக்கிறார். அப்போஸ்தலர் 17:11-இல் பவுல் சொன்னது சரியா என்று தினமும் வேதத்தை ஆராய்ந்த பெரோயா ஊராரை நாம் மேடையில் மெச்சுகிறோம். கிரேக்கம் பேசிய ஊர் அது. அவர்கள் கையில் இருந்ததும் பெரும்பாலும் அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பாகவே இருந்திருக்கும். ஆதித் திருச்சபையின் பெரிய வேத ஆசிரியர் அகுஸ்தீனுக்கு எபிரெயம் தெரியாது, கிரேக்கமும் குறைவு. அவருடைய வேத விளக்கங்களை நாம் தள்ளிவிட்டோமா?

மொழி தெரிந்துவிட்டால் தீர்ப்பு ஒன்றாகிவிடும் என்பதும் உண்மையில்லை. ஏசாயா 53-இல் வரும் பாடுபடும் தாசன் யார்? இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி, எபிரெயத்திலேயே ஊறியவர், அது இஸ்ரவேல் ஜனம் என்றார். நம் சபை அது கிறிஸ்து என்று விசுவாசிக்கிறது. எபிரெய அறிவுதான் தீர்ப்பளிக்கும் தகுதி என்றால், இந்த ஒரு அதிகாரத்தில் நாம் ராஷிக்குத் தலைவணங்க வேண்டியிருக்கும். கமிட்டி அதற்கு ஒப்புக்கொள்ளுமா?

தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் ஒரு வசனத்தைக் குறித்துப் பொறுப்போடு கேள்வி கேட்க வழியிருக்கிறது. வசனத்தைத் தனியே பிடுங்காமல் முந்தின அதிகாரத்திலிருந்து பிந்தின அதிகாரம் வரை வாசிக்க வேண்டும். பிறகு பழைய திருப்புதலையும் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த ஒரு வசனத்தை இரண்டிலும் வாசிக்க வேண்டும். இரண்டும் பொருளில் வேறுபட்டால் அங்கே மூல மொழிச் சிக்கலோ பிரதிச் சிக்கலோ இருக்கிறது. அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும், தெரிந்தவரைக் கேட்க வேண்டும், அதுவரை தீர்ப்பை நிறுத்தி வைக்க வேண்டும். 1 யோவான் 5:7 அப்படிப்பட்ட இடம். பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று பழைய திருப்புதலில் உள்ள வரி, பழமையான கிரேக்கப் பிரதிகளில் இல்லை. டச்சு அறிஞர் எராஸ்முஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அது கிடையாது, 1522-இல்தான் சேர்த்தார். இங்கே மொழி தெரியாமல் அடித்துப் பேசுவது தவறு, சம்மதம். ஆனால் இரண்டு மொழிபெயர்ப்பும் ஒன்றையே சொன்னால், வெவ்வேறு காலத்தில் மூலத்தைப் பார்த்துப் பெயர்த்த இரு குழுவினரும் அதே பொருளைத்தான் கண்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் "எபிரெயத்தில் வேறு" என்று சொல்கிறவர், அந்த வேறு என்ன என்று எடுத்துக் காட்டக் கடமைப்பட்டவர்.

குழந்தையைக் கொல்லச் சொல்வது சரியா என்பதோ இலக்கணக் கேள்வியே அல்ல. அது மனசாட்சியின் கேள்வி. காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவரிடம் விசைப்படகு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த அறிவிப்பால் என்ன ஆயிற்று என்று கமிட்டி ஒரு புதன்கிழமை வந்து பார்க்க வேண்டுகிறோம். கேள்வி கேட்ட அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான்கு வீட்டு வேலை முடித்து, தண்டையார்பேட்டையிலிருந்து நடந்து வருகிறவர். வகுப்புக்கு முன்பே அதிகாரத்தை வாசித்து, சந்தேகம் வந்த வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொண்டு வருவார். அந்தக் கோடு போட்ட இடங்களைத்தான் கேள்வி நேரத்தில் வரிசையாகக் கேட்பார். இப்போதும் வருகிறார், கோடு போடுவதில்லை. "எனக்கென்ன தெரியும்மா, படிச்சவங்க சொல்றாங்க" என்கிறார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கி, எரேமியா வரை தாமே வாசித்துத் தேறிய ஒருவரை இந்த வார்த்தை சொல்ல வைத்திருக்கிறோம். அவரோடு வந்துகொண்டிருந்த பெண்களில் பலர் இப்போது வருவதில்லை. கேட்கத்தான் கூடாது என்றால் வீட்டிலேயே வாசித்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்வதற்கு எங்களிடம் பதிலில்லை.

விசுவாசிக்கிறேன் என்று சொல்ல மட்டும் இங்கே எந்த மொழியும் தேவைப்படவில்லை. விசுவாசத்தை அறிக்கைசெய்யும் திடப்படுத்தல் சடங்குக்கு வரும் பிள்ளைகளிடம் கிரேக்கம் கேட்டோமா? "வேதம் முழுவதும் சத்தியம்" என்று சாட்சி சொன்னவரை, எபிரெயம் தெரியுமா என்று மறித்தோமா? சரி என்று சொல்வதும் தீர்ப்புதான். தெருமுனைக் கூட்டங்களில் பிற சமய நூல்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களை நாமே கொடுக்கிறோம். சமஸ்கிருதமும் அரபும் படித்துவிட்டா எழுதினோம்? வடசென்னை மக்களுக்கு எது புரியும், எது புரியாது என்று வெளியிலிருந்து முடிவு செய்கிறவர்கள் ஏற்கெனவே ஏராளம். ஆலயத்துக்குள்ளும் அதுவா? ஒலிபெருக்கிக்குப் பணம் திரட்டினோம். வகுப்புக்கு ஒரு தமிழ் விளக்கவுரைத் தொகுதி வாங்கவில்லை. இருக்கிற புத்தகங்களும் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன.

சற்றுச் சூடாக எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேதம் நம் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்து நினையுங்கள். 1715-இல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. இங்கே பக்கத்தில், வேப்பேரியில் இருந்து பல பத்தாண்டுகள் உழைத்த ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரீசியஸின் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. அதை அடிப்படையாக வைத்து ஹென்றி பவர் என்னும் மிஷனரியின் தலைமையிலான குழு திருத்திய திருப்புதல்தான் 1871 முதல் நம் ஆலயங்களில் ஒலிக்கிறது. எபிரெயமும் கிரேக்கமும் கற்ற அத்தனை பேரும், அவற்றைக் கல்லாதவர்கள் வாசித்து அறியட்டும் என்றுதானே இத்தனை பாடுபட்டார்கள்? நெகேமியா 8:8-இல் லேவியர் என்னும் ஆலயப் பணியாளர்கள் வாசித்து, "அர்த்தஞ்சொல்லி", ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். அர்த்தம் கேட்டவர்களை உட்காரச் சொல்லவில்லை.

ஆகவே தாழ்மையாய் மறுபடியும் கேட்கிறோம். அறிவிப்பை எடுத்துவிடுங்கள். கேள்வி நேரத்தைத் திரும்பக் கொடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், அடுத்த புதன் விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறோம். மூல மொழி அவ்வளவு அவசியம் என்று கமிட்டி உண்மையிலேயே கருதினால், வாரம் ஒரு மணி நேரம் எபிரெய எழுத்து வகுப்பு வையுங்கள். முதல் வரிசையில் அந்த அக்காவைக் கூட்டிவந்து உட்கார வைப்பது எங்கள் பொறுப்பு. அலமாரிச் சாவியை வகுப்புச் செயலரிடம் கொடுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, எடுக்கும் முடிவை அதே அறிவிப்புப் பலகையில், தமிழில், எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் அன்பான,
புதன்கிழமை வேதபாட வகுப்பார்,
வடசென்னை